எத்திராஜின் கைவாகு

புது லேப்டாப் வெள்ளிக்கிழமை காலை வெளியாகிறது என்று எங்கள் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு டீக்கடை வரைக்கும் தெரிந்திருந்தது. ‘தொடர் எட்டு’ என்று அதற்குப் பெயர். ஆபீஸில் வேறு பேச்சே இல்லை. விரிசல் விட்ட திரையோடும் பாதி விசை வேலை செய்யாத கீபோர்டோடும் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பழைய மாடலைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. எனக்கு மட்டும் அந்த வெள்ளிக்கிழமை வராமலே போனால் தேவலை என்றிருந்தது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

தொடர் லேப்டாப் நாம் வேலை செய்யும் விதத்தைப் பழகிக்கொள்ளும். எதைப் படிக்கும்போது நிற்கிறோம், எதற்குச் சரி என்கிறோம், எதைத் தள்ளுகிறோம், எந்த வார்த்தையில் கடிதத்தை முடிக்கிறோம், எல்லாவற்றையும். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் கைவாகு. சில வருடத்துக்கு ஒருமுறை புது மாடல் வரும்போது கைவாகு பழையதிலிருந்து புதியதற்கு ஏறும். அப்பாவின் கைவாகு மகனுக்கும், மகனுடையது பேத்திக்கும் போகும். வீடு, நகை மாதிரி அதற்கும் வாரிசு உண்டு. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் மார்க் கேட்பதை நிறுத்தி ரொம்ப காலமாகிறது. “எத்தனை தலைமுறைக் கைவாகு?” என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அப்பா எத்திராஜ் கோயம்பேட்டில் மூட்டை தூக்கினார். அவர் தோளுக்கு ஒரு கைவாகு இருந்தது. அதை ஏற்றிக்கொள்ள எந்தக் கம்பெனியும் லேப்டாப் செய்யவில்லை. என்னோடு படித்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வெறும் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். ‘நலத்துணை’ மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி நேர்முகத் தேர்வில் மட்டும் என் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார்கள். நான் கோல்டு மெடல் வாங்கியவள். அதற்குத்தான் கை கொடுத்தார்கள் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பி இறங்கும்போது மாடிப்படியில் ஜெயக்கொடி அக்கா வழிமறித்தாள். எதிர்வீடு. அம்மா வேலைக்குப் போன நாளிலெல்லாம் எனக்குச் சோறு போட்டவள்.

“ஏய் பூவு, நில்லுடி. இத இன்னான்னு கொஞ்சம் படி. எனக்கு வந்துக்குது, புரியல.”

போனை நீட்டினாள். அவள் புருஷன் மாசிலாமணி அண்ணன் நெஞ்சு வால்வு கெட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆபரேஷனுக்குக் காப்பீட்டில் அனுமதி கேட்டிருந்தார்கள். நான் படித்தேன்.

‘ஆவணங்கள் பரிவுடன் பரிசீலிக்கப்பட்டன. எனினும், முன்பே இருந்த நோயைத் தெரிவிக்காமல் விட்டிருக்க வாய்ப்புள்ளது என்று கருதுவதால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. சிரமத்திற்கு வருந்துகிறோம். எ. பூவிழி, ஆய்வாளர்.’

“கீழ உன் பேரு போட்டுக்குது பாரு. உங்க ஆபீஸ்ல இன்னொரு பூவிழி கீறாளா?”

இல்லை. நான் ஒருத்திதான். ஆனால் இந்தக் கடிதத்தை எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை. பரிவுடன் என்ற சொல்லை நான் பேச்சிலோ எழுத்திலோ வாழ்க்கையில் பயன்படுத்தியதில்லை.

“நான்தான் எழுதினேன்னு நெனச்சியாக்கா?”

“சீ, போடி. மூக்கு ஒழுகிகினு எங்க வூட்ல தோசை தின்ன கழுத, நீ எழுதுவியா? எவனோ உன் பேர வெச்சிக்கினு எழுதிக்கிறான். நீ போய் அவன நாலு கேளு.” பிறகு குரலை இறக்கினாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள கார்டு பாஸ் ஆவலன்னா கூட்டினு போயிடுங்கோன்னு சொல்லிட்டாங்கடி. கூட்டினு வந்து இந்த நாலு மாடி எப்படி ஏத்துவேன்?”

ஆபீஸில் மாசிலாமணி அண்ணனின் கோப்பை எடுத்து முதல் எழுத்திலிருந்து படித்தேன். எக்கோ, ரத்தப் பரிசோதனை, டாக்டர் குறிப்பு. பழைய நோய் என்று சொல்ல ஒரு வரி கிடையாது. தள்ளுவதற்குக் காரணமே இல்லை.

எங்கள் டீம் லீடர் நிவேதனிடம் போனேன். நல்ல பையன்தான். வலிக்காமல் பேசுவான்.

“இந்த க்ளெய்மை மறுபடி திறக்கணும்.”

“திறங்க. நீங்க தள்ளினதை நீங்கதான் திறக்க முடியும். ஆனா வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி முடிச்சிடுங்க. தொடர் எட்டு வந்துட்டா பழைய முடிவெல்லாம் பூட்டிடும்.”

“நான் தள்ளின மாதிரியே ஞாபகம் இல்ல நிவேதன்.”

சிரித்தான். “அதுதாங்க நல்ல கைவாகு. ஞாபகம் வெச்சுக்கிட்டா இவ்ளோ வேகமா முடிக்க முடியுமா? டீம்லயே உங்க கை மாதிரி யாருக்கும் இல்ல. நஷ்டம் எங்க வரும்னு மோப்பம் பிடிச்சிடறீங்க. எனக்கு ரெண்டு தலைமுறைதான், பொறாமையா இருக்கு.”

“எனக்கு எத்தனை?”

“மூணு. உங்களுக்கே தெரியாதா?”

என் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

இடத்துக்கு வந்து கோப்பைத் திறந்தேன். ஒரு சந்தேகம். விசையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தொடர் லேப்டாப் நம் அடுத்த அசைவை முன்கூட்டியே செய்து காட்டும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேலை ஓட்டத்தில் அது செய்ததா நாம் செய்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. அன்றுதான் முதல்முறையாகக் கை கட்டிக்கொண்டு பார்த்தேன்.

பக்கம் மெல்ல நகர்ந்தது. நான் படிக்கும் வேகம் அதுவல்ல. ஒரு விரல் வரிவரியாகத் தடவிக்கொண்டு வருவதுபோல நகர்ந்தது. நோயாளியின் பெயரில் நின்றது. வயதைத் தாண்டியது. முகவரியில் நின்றது. எங்கள் பிளாக், எங்கள் பின்கோடு. அம்புக்குறி அந்த இடத்தை இரண்டு தரம் தட்டியது, மேஜையை நகத்தால் தட்டுகிற மாதிரி. அதன் பிறகு டாக்டர் குறிப்பு எதையும் அது படிக்கவில்லை. நேராகக் கீழே இறங்கி ‘மறுப்பு’ மேல் போய் உட்கார்ந்து, எனக்காகக் காத்திருந்தது.

நான் பாய்ந்து ‘ஏற்பு’ என்பதை அழுத்தினேன்.

‘இது உங்கள் வழக்கமான முடிவுக்கு மாறாக உள்ளது. உறுதியா?’

ஆம்.

‘களைப்பாக இருக்கிறீர்களா? சற்று நேரம் கழித்துப் பாருங்கள்.’

ஆம், இல்லை, ஆம் என்று எதை எதையோ அழுத்தினேன். கடைசியில் திரையில் ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்று வந்தது. பக்கத்து இடத்துப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் மூச்சிரைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் எங்கள் பின்கோடில் நான் தள்ளியவர்களை நினைத்துப் பார்க்க முயன்றேன். ஒரு முகமும் வரவில்லை. அத்தனை பேரையும் தள்ளிவிட்டு அன்றன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஜெயக்கொடி அக்காவும் ஒட்டிக்கொண்டாள். “உன்ன நம்புறேன், உன் பொட்டிய நம்பல” என்றாள்.

அங்கே பரக்கத் அண்ணன் தன் கடையில் டெஸ்க்டாப் விற்பார். விற்பார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கருப்புப் பெட்டிகளைத் துடைத்து அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்லூரியில் ப்ராஜெக்ட் செய்யும்போது பழக்கம்.

“வாம்மா கோல்டு மெடல். புதுசுக்குக் காத்திருக்கிற நேரத்துல பழசைத் தேடி வந்திருக்கே?”

“இதைத் திறந்து பாருங்கண்ணே. இதுல யார் கைவாகு இருக்குன்னு தெரியணும்.”

லேப்டாப்பைத் தன் பெட்டியில் சொருகினார். கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க தாத்தா காப்பீட்டு ஆபீசரா?”

“எங்க தாத்தா ரிக்‌ஷா இழுத்தாரு.”

“அப்ப இவர் யாரு? எத்திராஜ். க்ளெய்ம் ஆபீசரா இருந்து ரிட்டையர் ஆனவர், இப்ப உயிரோட இல்ல. அவர் கையைப் பழைய பைல்ல இருந்தே ஏத்தியிருக்காங்க. அவர் பையன் அதே வேலை. பேத்தி அதே வேலை. அந்த மாதிரி குடும்பங்கள்ல ஒரு தாத்தா பேரைப் பிடிச்சு எல்லாருக்கும் குடும்பப் பேராவே வெச்சிடுவாங்க. பேத்தி கல்யாணம் பண்ணிக்கிட்டு வெளிநாடு போயி புருஷன் பேரைப் போட்டுக்கிச்சு. வாரிசு இடம் காலி. சிஸ்டம் தேடியிருக்கு, இந்த ஊர்ல எத்திராஜ் குடும்பத்துல வேற யாரு இருக்காங்கன்னு. ஆமா, லேப்டாப் பதியும்போது உன் குடும்பப் பேரு என்னான்னு போட்டே?”

இ-சேவை மையத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. எங்களில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? பெயருக்கு முன்னால் அப்பாவின் ஓர் எழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ‘அப்பா பேரைப் போடும்மா, எல்லாரும் அதான் போடுறாங்க’ என்றார் அங்கே இருந்தவர். போட்டேன்.

“அப்பா பேரு” என்றேன்.

பரக்கத் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “மூட்டை தூக்கின எத்திராஜ் பொண்ணுக்கு, முட்டுக்கட்டை போட்ட எத்திராஜ் கை.”

“அந்த ஆளு எங்க ஏரியாக்காரங்களை எல்லாம் தள்ளியிருக்காரு. எங்க அட்ரஸைப் பார்த்ததுமே நிக்குது.”

“கெட்டவர்னு சொல்ல முடியாதும்மா. அந்தக் காலத்துல அது சாமர்த்தியம். ‘அந்த ஏரியாவா, ஜாக்கிரதை’ன்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. அவர் பையனுக்குச் சொல்லியிருப்பார். யாரும் எங்கயும் எழுதி வைக்கல. கைக்குள்ள போயிடுச்சு.”

ஜெயக்கொடி அக்கா அதுவரை சும்மா இருந்தவள், “செத்துப்போன கெய்வன் என் புருஷன சாவடிக்கிறான், அதானே விசயம்? அத எட்த்து வெளிய போடுங்க பாய்” என்றாள்.

“போடலாம்மா. இன்னிக்கு வரைக்கும் எடுக்கலாம். நாளைக்கு எட்டு வந்துட்டா கைவாகையும் ஆளையும் ஒண்ணா ஒட்டிடுவான். அப்புறம் எது அவர், எது இந்தப் பொண்ணுன்னு பிரிக்கவே முடியாது. எடுத்தா மிஷின் வெறும் மிஷின்.” என்னைப் பார்த்தார். “காலையில ஆபீஸ்ல சொருகினதும் தெரிஞ்சிடும். வெறும் மிஷினுக்கு அந்தக் கம்பெனி ஒரு நாள் கூட வேலை குடுக்காது. யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். அம்மா இந்த வருடம்தான் வீட்டு வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். என் மெடலை ஒரு பயலும் பார்க்கவில்லை. எவனோ ஒருத்தனின் கையைப் பார்த்துத்தான் எழுந்து நின்றிருக்கிறார்கள்.

“எடுங்கண்ணே.”

அவர் எடுத்தார். லேப்டாப் திரை வெள்ளையாகி, பெயர் கேட்டு நின்றது. மூடி ஓரமாக வைத்தேன். இன்னும் எனக்கு அந்த ஆபீஸ் அதிகாரம் மிச்சமிருந்தது, காலைவரைக்கும்.

“டெஸ்க்டாப்ல இருந்து உங்க கம்பெனிக்குள்ள போக ஒரு பழைய வாசல் இருக்கு” என்று நாற்காலியை இழுத்துப்போட்டார். “யாரும் வர்றதில்லைன்னு மூடாம விட்டுட்டாங்க.”

“இதுல கைவாகு ஏறாதா?”

“இது மேஜை மேல கிடக்கிறது. நாலு பேரு வந்து தட்டிட்டுப் போவான். யார் கைன்னு இதுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க வேணும்னும் இதுக்கு இல்ல. ஒரே ஆள் மடியில உக்காந்தாதான் அதெல்லாம் பழகும். அதனாலதான் கம்பெனிக்காரன் இதை சாவடிச்சான்.” பெட்டியைத் தட்டினார். “இதுக்கு எதிர்காலம் இருக்கான்னு கேக்காதே. அடுத்தவன் கை வேணாம்னு சொல்றவன் வந்தா இருக்கு. இன்னிக்கு நீ வந்திருக்கே.”

உள்ளே போனேன். கோப்பு திறந்தது. அம்புக்குறி நான் விட்ட இடத்திலேயே செத்த ஈ மாதிரிக் கிடந்தது. நகர்த்தினால்தான் நகர்ந்தது. அழுகை வரும்போல நிம்மதியாக இருந்தது. எக்கோ, ரத்தம், டாக்டர் குறிப்பு, எல்லாம் ஒழுங்கு. முடிவையும் காரணத்தையும் ஒரு கட்டத்தில் எழுதவேண்டும். அதில் எழுதுவதைப் பொறுத்துதான் ஏற்பா மறுப்பா என்று போகும்.

‘ஆவணங்கள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டன’ என்று எழுதினேன். விரல்கள் வேகமாக ஓடின. முடித்து நிமிர்ந்தேன்.

பரக்கத் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். “என்னம்மா, தள்ளிட்டே?”

திரையைப் பார்த்தேன். ‘ஆவணங்கள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டன. எனினும், முன்பே இருந்த நோயைத் தெரிவிக்காமல்…’

“அண்ணே, இதுலயும் இருக்கு. இதுக்குள்ளயும் அந்த ஆள் இருக்கான்!”

“ஒண்ணும் இல்லம்மா.”

“நான் எழுதல. சத்தியமா நான் எழுதல.”

அவர் குனிந்து இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கினார். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் காட்டினார். தூசியும் ஒரு விசிறியும்தான் இருந்தன. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, “எழுது. மாசிலாமணிக்கு ஆபரேஷன் பண்ணலாம்னு எழுது” என்றார்.

எழுதினேன். இந்தத் தடவை என் கையைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். பண்ணலாம் என்பது வரை சரியாக வந்தது. அதன் பிறகு நடுவிரல் தானாக நீண்டது. எந்த மிஷினும் அதை இழுக்கவில்லை. எ. னி. னு. ம்.

பரக்கத் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் கம்பியைத் திரும்பச் சொருகினார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

“அக்கா, நீ வா. நீ அடி.”

“நானா? இன்னாடி ஒளறுற? எட்டாங்கிளாஸ் ஃபெயிலு நானு.”

“எழுத்து தெரியுமில்ல? நான் சொல்றதை மட்டும் ஒவ்வொண்ணா தட்டு. நான் ‘எனினும்’னு ஏதாவது சொன்னா தட்டாதே. என் வாயைப் பொத்து.”

சிரிக்கிறேனா என்று பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, அடுப்பில் தோசைக்கல் சூடு பார்ப்பதுபோல ஒவ்வொரு விசையையும் தொட்டாள். ‘பழைய நோய் இல்லை. ஆபரேஷன் தேவை. ஏற்கப்பட்டது.’ அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் தாடை வலித்தது. வாய்க்குள் ஒரு சொல் முட்டிக்கொண்டே இருந்தது.

“இத அழுத்தட்டா?”

“அழுத்து.”

அனுமதி எண் வந்தது. பரக்கத் அண்ணன் நீண்ட மூச்சு விட்டு, “கைவாகு கை மாறிடுச்சு போ” என்று ஒப்புக்குச் சிரித்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். நாங்கள் கிளம்பும்போது அந்த வெற்றுப் பக்கத்தை அவசரமாக மூடினார்.

வெளியே தெரு முழுக்க ‘தொடர் எட்டு, நாளை’ என்ற விளம்பரம். மூடிய ஷட்டர்களுக்கு முன்னால் பிள்ளைகள் இப்போதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயக்கொடி அக்கா ஜூஸ் கடை ஓரமாக நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் சரி என்றதும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, என் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் விரல்களை நெரித்தாள்.

“என் தங்கமே. உன் வேலை போனாலும் போவட்டும்டி. என் வூட்ல உல கொதிக்கிற வரைக்கும் நீயும் உங்கம்மாவும் பட்டினி கெடக்க மாட்டீங்க. வா, சாத்துக்குடி குடிக்கலாம்” என்று என் கன்னத்தைத் தடவினாள்.

நான் அவளைப் பார்த்தேன். சாயம் போன புடவை. பான்பராக் கறை படிந்த பல். போனில் பேசியபோது இருந்ததைவிட இப்போது முகம் தெளிந்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே தெளிந்திருந்தது. இவ்வளவு சீக்கிரமா? ஒரு மனிதருக்கு வால்வு ஒரே நாளில் கெட்டுவிடுமா? முன்னால் ஒரு தடவையாவது மூச்சு வாங்காமலா இருந்திருக்கும்?

“ஒண்ணு கேட்கலாமா” என்றேன். “தப்பா நினைக்காதீங்க. அவருக்கு முன்னாடியே ஏதாவது தொந்தரவு இருந்து, நீங்க சொல்லாம விட்டிருக்க வாய்ப்பு இருக்கா?”

என் குரல் மிகவும் பரிவாக இருந்தது.

ஜெயக்கொடி அக்காவின் கை என் கன்னத்திலிருந்து இறங்கியது. ஓர் அடி பின்னால் நகர்ந்து, முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். ரேஷன் கடையிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அவள் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

“இல்லீங்க மேடம்” என்றாள்.